உதட்டு ரேகையை நம்பி ஆணா பெண்ணா சொல்லலாமா?

அன்புள்ள வசந்தி,

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? இங்கே எல்லாரும் சுகம். குமார் அதே குமார்தான், வேறென்ன சொல்ல.

ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் துறை மாணவி ஒருத்தி தீசிஸ் காட்டினாள். உதட்டு ரேகையையும் மேலண்ணத்து வரிகளையும் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் என்பது அவள் முடிவு. உழைப்பில் குறையில்லை. லிப்ஸ்டிக் பூசி, செல்லோடேப்பில் ரேகை எடுத்து, சுசுகி–சுசிஹாஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர்களின் முறைப்படி வகை பிரித்திருக்கிறாள். நேர்கோடு, கிளை, குறுக்குவெட்டு, வலை என்று நீ தேர்வறை வாசலில் ராகம் போட்டு ஒப்பித்தாயே, அதேதான். ஆனால் எது யாருடைய ரேகை என்று தெரிந்துகொண்டே பிரித்திருக்கிறாள். டேப்பை அழுத்துவதில் கொஞ்சம் மாறினாலே கோடுகள் வேறு மாதிரி தெரியும். அந்த மாதிரி இடங்களில் கண் எந்தப் பக்கம் சாயும், சொல்லு.

சரி, கண்ணை மறைத்துச் செய்தாலும் கணக்கு உதைக்கிறது. நூறு பெண்களில் 40 பேருக்கும் நூறு ஆண்களில் 30 பேருக்கும் நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொள். இரு கூட்டங்களுக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் மேசைமேல் வந்த ஒரு நேர்கோட்டு ரேகையைப் பெண் என்று எழுதினால், ஏழுக்கு மூன்று தடவை தப்பாகும். போதாததற்கு, ஒரு ஆய்வில் பெண்களுக்கு அதிகம் என்ற வகை இன்னொன்றில் ஆண்களுக்கு அதிகம் என்று வருகிறது.

தீசிஸோடு போனால் பரவாயில்லை. அடையாளம் தெரியாத உடல் ஒன்றுக்கு இதை நம்பி "பெண்" என்று எழுதிவிட்டால், மகனைத் தேடும் வீட்டின் பெயர் முதல் நாளே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, வசந்தி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், டேப்பில் பதிந்த உதட்டு ரேகையையும் சாட்சியாக வைத்து 1997-இல் ஒருவருக்குக் கொலைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை கொடுத்து, பல வருடம் கழித்து அந்தத் தீர்ப்பே ரத்தானது.

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பும் மண்டையோடும் இருக்கின்றன. அவை கருகிப்போனாலும் பல்லுக்குள் இருக்கும் மென்மையான பல்கூழ் தப்பியிருந்தால் டிஎன்ஏ எடுக்கலாம். எனாமல் புரதத்துக்கான அமிலோஜெனின் மரபணுவே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இரண்டிலும் வேறு வேறு நீளத்தில் இருக்கிறதே! சில ஆண்களிடம் அந்த ஒய் துண்டு இருக்காது என்பதால் அதையும் தனியாக நம்பக்கூடாது.

அண்ண வரிகளை நான் ஒதுக்கவில்லை. கருவில் மூன்றாம் மாதத்தையொட்டி உருவாகி, வளர வளர நீண்டாலும் அமைப்பு பெரிதாக மாறாமல், கன்னத்துக்கும் நாக்குக்கும் நடுவே பத்திரமாக இருப்பவை. தீயிலும் பல சமயம் தப்பிவிடும். அவை "இவர் யார்" என்ற கேள்விக்குத்தான் நல்ல பதில் தரும், அதுவும் ஒப்பிட உயிரோடு இருந்தபோது வாயை அச்செடுத்துச் செய்த மாடல் கையில் இருந்தால்.

அந்த மாடல் இருப்பது உன்னைப் போல் கிளினிக் நடத்துபவர்களிடம். இடம் அடைக்கிறது என்று மேல்தாடை மாடல்களை மூட்டை கட்டாதே. தேதியும் கேஸ் எண்ணும் எழுதி வை, முடிந்தால் ஸ்கேன் செய்துவிடு. அப்புறம், அந்த மாணவி எடுத்த உதட்டு ரேகைகளைப் பெயரில்லாமல் வெறும் எண் போட்டு உனக்கு அனுப்பச் சொல்கிறேன். நீ தனியாகப் பிரித்துக் கொடு. இருவர் கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தபிறகு அந்த முடிவுரையைத் திருத்தலாம்.

அன்புடன்,
மாலதி