மெகாவாட் வேறு, யூனிட் வேறு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். காற்றாலைகள் ஓடும் காற்று சீசன் தொடங்கிவிட்டால் 'ஒரே நாளில் இத்தனை ஆயிரம் மெகாவாட் மின்சாரம் உற்பத்தி' என்று ஒரு தலைப்பு உங்கள் நாளிதழிலும் மற்ற நாளிதழ்களிலும் வந்துவிடுகிறது. அப்படி ஒன்றை ஒரு மாணவி கத்தரித்து வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டாள். "சார், மெகாவாட்டுங்கிறது வேகம் மாதிரின்னு நீங்க சொன்னீங்க, இதுல ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கே, எது சரி?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் சரி.

மெகாவாட் என்பது திறன். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது போல. குடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் ஆற்றல், அதைத்தான் நாம் யூனிட் கணக்கில் அளந்து காசு கட்டுகிறோம். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், ஆயிரம் கிலோவாட் சேர்ந்தால் ஒரு மெகாவாட். கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1,000 மெகாவாட். அது ஒரு மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 10 லட்சம் யூனிட், ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.4 கோடி யூனிட். 'நாளொன்றுக்கு 1,000 மெகாவாட்' என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறவர்கள் என்னிடம் "அப்போ தினமும் 3 யூனிட்தான் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரைக்கும் கிடைக்கும்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவது கணக்கில் இல்லை, சொற்களில்தான். சூரிய சக்தி என்று எழுதுகிறோம், அங்கே சக்தி என்றால் ஆற்றல். 5 குதிரை சக்தி மோட்டார் என்றும் எழுதுகிறோம், அங்கே அதே சக்தி திறனாகிவிடுகிறது. அப்புறம், ஆற்றல் என்றால் வேலை செய்யும் திறன் என்று வழிவழியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே திறன் என்பது வேலை செய்யும் வீதம் என்கிறோம், பிள்ளை என்னதான் செய்யும்? இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஆற்றலுக்குச் சக்தி, திறனுக்கு வலு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், குதிரைத்திறனுக்கும் பரிவலு என்றே பெயர். அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

வேலை என்ற சொல்லிலும் இதே சங்கடம்தான். இயற்பியலில் விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் அந்த விசை வேலை செய்ததாகக் கணக்கு. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதளத்தில் நடந்தால், மூட்டையைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில், ஆகவே அந்த விசை செய்த வேலை பூஜ்யம் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான், அவன் அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, பூஜ்யம் என்பது மூட்டைக்குப் போய்ச் சேர்ந்த ஆற்றலைப் பற்றிய பேச்சு, அப்பாவின் தசை சுருங்கிச் சுருங்கி ஆற்றலைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது, அது வெப்பமாகப் போகிறது, அதனால்தான் அவருக்கு வியர்க்கிறது என்று விளக்கினேன். 50 கிலோ மூட்டையை லாரிக்கு 1.2 மீட்டர் தூக்கினால் செய்த வேலை 588 ஜூல் (வேலைக்கும் ஆற்றலுக்கும் உரிய அலகு) என்று அவனே வந்து கணக்குப் போட்டான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்னமும் எனக்கு உறுத்தல்தான்.

இப்போதெல்லாம் பாடத்தை மாடிப்படியில்தான் தொடங்குகிறேன். 15 சென்டிமீட்டர் உயரத்தில் 20 படி, மொத்தம் 3 மீட்டர். 50 கிலோ எடையுள்ள மாணவன் 10 நொடியில் ஏறுகிறான், பிறகு 5 நொடியில் ஓடி ஏறுகிறான், இன்னொருவன் செல்போனில் நேரம் பார்க்கிறான். எப்போது வேலை அதிகம் என்று கேட்டால் பாதி வகுப்பு ஓடினபோதுதான் என்கிறது. இரண்டு தடவையும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை அதே 1,470 ஜூல்தான், மாறினது திறன் மட்டும், 147 வாட் 294 வாட் ஆகிவிட்டது. சரி, ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அதற்கு எத்தனை தடவை ஏற வேண்டும் என்று கேட்பேன். ஏறத்தாழ 2,450 தடவை. உயரத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! தண்ணீர் சுடவைக்கும் 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடுவது அவ்வளவையும் என்று சொன்னதும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். மறுநாள் நாலைந்து பேராவது வீட்டு மீட்டரைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாளில் எவ்வளவு உற்பத்தியானது என்று எழுதும்போது யூனிட்டில் எழுதுங்கள், அந்த நேரத்து உச்ச அளவைச் சொல்லும்போது மட்டும் மெகாவாட் போடுங்கள், மோட்டார் செய்தியில் குதிரை சக்திக்குப் பதிலாகக் குதிரைத்திறன் என்று எழுதுங்கள். அந்தத் தலைப்பை என் மாணவி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், அடுத்த சீசனில் திருத்தமான தலைப்பு ஒன்று வந்தால் அதையும் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்