நிலாவெளிக் காணி இருக்கட்டும், நீ வா

திருகோணமலை

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பா நேற்று சொதியோடு மூன்று இடியப்பம் சாப்பிட்டார். கண்ணாடி வேண்டுமென்றால் "திறப்பைத் தா" என்கிறார். நானும் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறேன்.

அப்பாவின் மூளைப் புற்றுக் கட்டியைச் சூடாக்கிக் கரைக்கிற வைத்தியம் பற்றி நீ அனுப்பியதை மூன்று நாள் இருந்து வாசித்தேன். நிலாவெளிக் காணியை விற்றாவது அப்பாவை அதற்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோவோம் என்கிறாய். உன் மனம் எனக்குத் தெரியாதா? எனக்கு விளங்கினதை எழுதுகிறேன், கோபிக்காதே.

யோசனை நல்லதுதான். அப்பா எடுக்கிற டெமோசோலமைட் குளிசை புற்றுக் கலத்தின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. 41இலிருந்து 43 பாகை வரையான சூட்டில் அந்தக் கலத்துக்குச் சேதத்தைத் திருத்துவது கஷ்டம். மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரும் சூட்டில் இளகி, மருந்தைக் கூடுதலாக உள்ளே விடும். ஆனால் சூடு கட்டிக்குள்ளேதான் ஏற வேண்டும். ஓடுகிற இரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும்; பக்கத்து மூளை சூடானால் வீங்கும். அதனால்தான் கட்டிக்குள் இரும்பு ஒட்சைட்டுத் துகளை ஏற்றி, காந்தப் புலத்தால் சூடாக்குகிறார்கள். அதற்கு ஐரோப்பாவில் 2010இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அதைப் பரிசோதித்தபோது கதிர் வைத்தியத்தோடு சேர்த்தே செய்தார்கள். சூடு பெறாத இன்னொரு குழுவை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடவுமில்லை. துகள் உள்ளே இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் தெரியாதாம். பிறகு அப்பாவின் கட்டியை எப்படிப் பார்ப்பது?

கிளினிக்கில் டொக்டரிடமும் கேட்டேன். முறையான ஆய்வில் இடம் கிடைத்தால் யோசிக்கலாம், காசு கட்டிப் போக வேண்டாம் என்றார். இப்போது கொடுக்கிற வைத்தியத்தை 573 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து, 2005இல் முடிவு சொன்னார்கள். கதிர் மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். டெமோசோலமைட்டும் சேர்த்தவர்களில் இருபத்தாறு பேர். அந்த இருபத்தாறில் அப்பாவும் ஒருவராக வேண்டுமென்று காளியம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாமி, கன்னியா வெந்நீரில் தலை முழுக வார்த்தால் கட்டி கரையும் என்கிறா. தோலில் ஊற்றுகிற சூடு மண்டையோட்டுக்குள் போகாது. அதைவிட, இராவணன் தாயின் ஈமக்கடனுக்கு வாளால் குத்தித் திறந்த கிணறுகள் அவை. அம்மப்பாவின் அந்தியேட்டிக்கு நாங்கள் முழுகின இடம். அங்கே அவரைக் கூட்டிப்போக என் கால் வராது.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து இரவு குளிசை. முதலில் சத்தி வராமலிருக்க ஒன்று, அரைமணி கழித்து வெறும் வயிற்றில் டெமோசோலமைட். உடைக்காமல் விழுங்க வேண்டும். அவர் தொண்டை அசைகிறவரை கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். விடியும்வரை நித்திரை வராது, தம்பி. அந்த ஐந்து நாளுக்கு நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும்.

காணி இருக்கட்டும். ரிக்கெற் எடு. அடுத்த சுற்று வருகிற மாதம் முதல் வெள்ளி தொடங்கும். பின்னேரத்தில் கடற்கரைக்குப் போகக் கேட்கிறார். கதிர் பட்ட பக்கம் வெயில் தாங்குதில்லை. உள்ளே தையல் உரசாத பருத்தித் தொப்பி ஒன்று வாங்கி வா.

அம்மா