அந்தப் பெட்டியை எரித்துவிடாதீர்கள்

ட்ரொம்சோ, நோர்வே
22.01.2025

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

நேற்று இங்கே சூரியன் வந்தது. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போனது, நேற்று மத்தியானம்தான் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டுப் போனது. ஜனவரி 21 ஐ இந்த ஊரில் சூரிய நாள் என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைகளில் எண்ணெயில் பொரித்த ஒரு இனிப்புப் பணிஸ் விற்பார்கள், அதற்கும் சூரியன் பெயர்தான். தைப்பொங்கல் அன்று எங்களுக்கு இங்கே சூரியன் கிடையாது. அதனால் வந்த வருசத்திலிருந்தே நான் இரண்டு தரம் பொங்குகிறேன். தை முதலாம் நாள் ஒருக்கா, சூரிய நாளில் ஒருக்கா. நேற்றும் பொங்கினேன். பால் பொங்கி வழிந்தபோது எதிர் மலையின் உச்சி மட்டும் ரோஸ் நிறமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, நான் எழுத வந்தது வேறு விசயம்.

போன ஞாயிறு நீங்கள் போனில் சொன்னீர்கள்: கார்த்திகை வெள்ளத்தில் அப்பாவின் புத்தகப் பெட்டி அடித்தட்டு வரைக்கும் நனைந்துவிட்டது, இப்போது கறையானும் ஏறிவிட்டது, வளவு துப்புரவாக்கும்போது அதையும் சேர்த்து எரித்துவிடட்டா என்று. நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் 'பிறகு சொல்கிறேன்' என்று வைத்துவிட்டேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் கதையை மாற்றிவிடுவீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எரித்துவிடாதீர்கள் அண்ணா.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அப்பா சம்பளம் எடுத்த கையோடு மட்டக்களப்பு டவுனுக்குப் போய் வாங்கி வந்த மாஸ்கோப் புத்தகங்கள்தான் பாதிக்கு மேல். முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சடித்து அனுப்பியவை. கெட்டி அட்டை, தையல் போட்ட கட்டு, விலையோ சொற்பம். பிரித்தால் ஒரு மணம் வரும், பசையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. மண்ணெண்ணெய் மணம் நம்முடைய குப்பி விளக்கினது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதோடு பொன்னியின் செல்வன், ஐந்து பாகத்தில் இரண்டாம் பாகம் மட்டும். அதன் முதல் அத்தியாயமே பூங்குழலி. தனியாகப் படகு வலித்துக்கொண்டு ஈழத்துக்கு ஆளைக் கொண்டுவந்து விடுகிற ஒரு பெட்டை! அதை வாசித்துவிட்டுத்தான் மாமாவின் தோணியை அவிழ்த்துக்கொண்டு வாவிக்குள் போனேன், அம்மா பூவரசங் கம்போடு துறையில் நின்றா. அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது. அதைவிட, நடு வாவியில் துடுப்பை வைத்துவிட்டுப் பார்த்தபோது கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் ஒரே அளவு தூரத்தில் இருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. 2011 இல் ஒஸ்லோ விமான நிலையத்தில் ஒரு பையோடு தனியே நின்றபோது அந்த நடு வாவிதான் நினைவுக்கு வந்தது.

இனி உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன்.

உங்கள் கால் போனபோது எனக்குப் பத்து வயது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகு நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தீர்கள். யாரோடும் கதைக்கவில்லை. அப்பாதான் ஒரு நாள் உண்மை மனிதனின் கதையை என் கையில் தந்து, "அண்ணனுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி, அவனுக்காக வாசிக்கிறாய் என்று காட்டிக்கொள்ளாதே" என்றார். இது உங்களுக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருசமாக நான் சொல்லவில்லை.

விமானி அலெக்ஸேயின் விமானம் காட்டுக்குள் விழுகிறது. நசுங்கிய கால்களோடு பனிக்குள் 18 நாள் ஊர்ந்து வருகிறான். எனக்குப் பனி என்றால் என்னவென்றே தெரியாது, ஐஸ்பழத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டு வாசித்தேன். ஊரையே எரித்துவிட்டதால் மண்ணுக்குள் குழி தோண்டிக் குடியிருக்கிற சனம் அவனைக் காப்பாற்றுகிறது. அங்கே ஒரு கிழவி, தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரேயொரு கோழியையும் அறுத்து அவனுக்கு ரசம் வைத்துக் கொடுப்பா. அந்த இடத்தை வாசித்தபோது முதல் தடவையாகச் சுவர்ப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "திருப்பி வாசி" என்றீர்கள். நானும் திருப்பி வாசித்தேன். அன்று பின்னேரம் நம்ம பெத்தா வைத்துத் தந்த சோற்றை நீங்களே கையால் எடுத்துச் சாப்பிட்டீர்கள்.

மற்றது உங்களுக்கே தெரியும். இரண்டு காலும் எடுத்த பிறகு அந்த மனிதன் பொய்க்கால் போட்டு நடந்து, நடனம் ஆடப் பழகி, திரும்பவும் விமானம் ஓட்டினான். பொலெவோய் நாவலாக எழுதினாலும் அப்படி ஒரு விமானி உண்மையிலேயே இருந்தவன் என்று அப்பா சொன்ன பிறகுதான் நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள். ஜெய்ப்பூர் கால் கிடைத்ததும் கோயில் றோட்டில், இருட்டுப்பட்ட பிறகு, ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சைக்கிள் பழகினீர்கள். நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். எத்தனை தரம் விழுந்தீர்கள் என்று எண்ணவில்லை. மூன்றாவது கிழமை, குருமண்வெளிக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பாதைப் படகின் துறை வரைக்கும் தனியே ஓட்டிப் போய்த் திரும்பி வந்தீர்களே, அன்றைக்கு நான் முடிவெடுத்தேன், படுத்த ஆட்களை எழுப்புகிற வேலைதான் செய்வது என்று. இன்றைக்கு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நான் பார்க்கிற வேலை அதுதான். இங்கே வந்து மொழி படித்து, பரீட்சை எழுதி, ஐந்து வருசம் போயிற்று அந்த இடத்துக்கு வர. நடுவில் விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் நீங்கள் சைக்கிளோடு விழுந்து எழும்பினதை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நிலையத்தில் ஒரு அம்மா இருக்கிறா. பெயர் எழுதக்கூடாது, வேலை ஒழுங்கு அப்படி. 86 வயது. இன்னும் வடக்கே இருக்கிற பின்மார்க்கில் பிறந்தவ. 1944 இலையுதிர்காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது அந்த மாகாணத்து வீடுகளையெல்லாம் எரித்துக்கொண்டு போனது. 50,000 பேரளவில் தெற்கே துரத்தப்பட்டார்கள். போக மாட்டோம் என்று குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்து கிடந்தவர்களும் உண்டு. இவவின் குடும்பம் அப்படி ஒளிந்தது. போன மாசம் வெளிச்சமே இல்லாத ஒரு மத்தியானம், சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டா. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அந்தக் கோழிக் கதையைச் சொன்னேன். என்னுடைய நோர்வே மொழியில், தடக்கித் தடக்கி. கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நாங்கள் மாட்டை விட்டுவிட்டு வந்தோம், அது கூப்பிட்டது" என்றா. பிறகு கரண்டியை வாங்கினா.

அண்ணா, நம்முடைய திண்ணையில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் தமிழில் வாசித்த ஒரு ரஷ்யக் கதை, இவ்வளவு தூரம் வந்து, இன்னொரு பாஷையில், ஒரு கிழவியின் வாய்க்குள் ஒரு கரண்டி சூப்பைக் கொண்டு சேர்த்தது. அந்தப் பெட்டியை எரிக்கட்டா என்று நீங்கள் கேட்டபோது எனக்கு ஏன் நெஞ்சு அடைத்தது என்று இப்போது விளங்கும்.

ஆனால் எனக்கு உயிர் போனாலும் வேண்டிய புத்தகம் அது இல்லை. ஐத்மாத்தவின் அன்னை வயல்தான்.

இனி எழுதுவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னண்ணனை அம்மா கடைசியாகக் கண்டது வெல்லாவெளிப் பக்கம், ஒரு உழவு மெசின் பெட்டிக்குள். அது நிற்கவில்லை. அவர் எழும்பி நின்று என்னவோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா வயல் வட்டைக்குப் போனால் வேலை முடிந்தும் வருவதில்லை. வரம்பில் நின்று தனியே கதைத்துக்கொண்டு இருப்பா. ஊரில் சனம் ஒருமாதிரிப் பார்த்தது. நானும் வெட்கப்பட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரும்போது அம்மா அப்படி நிற்பதைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போயிருக்கிறேன். அதை இன்றைக்கு வரைக்கும் அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை.

ஐத்மாத்தவின் அந்தக் கதையில் தொல்கொனாய் என்று ஒரு கிழவி. புருசனையும் மூன்று ஆண்பிள்ளைகளையும் யுத்தம் எடுத்துவிட்டது. அவ வயலுக்கு நடுவில் போய் நின்று வயலோடு கதைக்கிறா, வயலும் மறுமொழி சொல்கிறது. கதை முழுக்க அதுதான். முதல் பக்கத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடிப் போய் அம்மாவைப் பார்த்தேன். எங்கேயோ கிர்கிஸ்தானில் இருக்கிற ஒரு எழுத்துக்காரருக்கு எங்கள் வட்டையை யார் காட்டியது என்று இருந்தது. அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிறகு அதை அம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். இரண்டாவது மகன் ரயிலில் போகிறான் என்று கேள்விப்பட்டு, தொல்கொனாய் ஸ்டேசனில் காத்து நிற்கிற இடம் வரும். ரயில் நிற்காது. பிள்ளை கத்திக்கொண்டே தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவான். தாய்க்கு அந்தத் தொப்பி மட்டும்தான் மிச்சம். அங்கே வந்ததும் அம்மா "போதும் புள்ள, வை" என்று எழும்பிப் போய்விட்டா. நான் செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று பயந்துபோனேன். அடுத்த நாள் பின்னேரம், நெல் புடைத்துக்கொண்டிருந்தவ தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "அந்த மனிசிட மிச்சக் கதையை வாசி."

அதிலிருந்து அம்மா வரம்பில் நின்றால் நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன்.

2007 இல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். அந்தப் புத்தகத்தை மட்டும் நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாவியைக் கடந்தேன். களுவாஞ்சிகுடிப் பக்கத்து முகாமில் அதை எத்தனை பேர் வாங்கி வாசித்தார்கள்! அட்டை போனது அங்கேதான். திரும்பி வந்ததும் பெட்டிக்குள் அடியில் வைத்தேன், பாதுகாப்பு என்று. அடியில் வைத்ததுதான் இப்போது வெள்ளத்தில் நனைந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

இங்கேயும் நான் வாசிக்கிறேன், வாசிக்காமல் இல்லை. ஒஸ்லோவில் இருக்கிற ஒரு சிநேகிதி விமல் குழந்தைவேலின் கசகறணத்தை அனுப்பியிருந்தாள். அக்கரைப்பற்றுச் சந்தையும், தமிழ்ப் பெண்டுகளும் முஸ்லிம் பெண்டுகளும் ஒன்றாக இருந்த காலமும், நம்ம பக்கத்துப் பேச்சு அப்படியே அச்சில். இரண்டு இரவில் முடித்தேன். அதையும் உங்களுக்கு அனுப்புகிறேன், தனியே எழுத வேண்டிய புத்தகம் அது.

மருமகள் போன தடவை வீடியோவில் என்னிடம் கேட்டாள், "மாமி, சித்தப்பா எங்க போனவர்? அப்பாகிட்ட கேட்டா எழும்பிப் போறார்" என்று. அவளுக்குப் பன்னிரண்டு வயது. தொல்கொனாய் வயலிடம் போனதே இதற்காகத்தான், அண்ணா. பேரனுக்கு உண்மையை எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் போனா. உங்களால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் புத்தகத்தை அவளிடம் வாசிக்கக் கொடுங்கள். வாசித்து முடிந்ததும் அம்மாவோடு வட்டைக்கு அனுப்புங்கள். அம்மா சொல்லுவா. சின்னப் பிள்ளைக்குப் பாரமான கதை என்று மச்சாள் யோசிக்கக்கூடும். நான் வாசித்தபோது எனக்கும் அந்த வயதுதான் என்று சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பெட்டியை வெளியே எடுத்துக் கறையானைத் தட்டுங்கள். நனைந்த புத்தகங்களை வெயிலில் போட வேண்டாம், தாள் நெளிந்து அட்டை பிளந்துவிடும். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் நிமிர்த்தி, கொஞ்சம் விரித்து வையுங்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு பழைய பேப்பர் வைத்து, ஈரம் உறிஞ்சியதும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்க வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்கலாம். மாரி முடிகிற வரைக்கும் உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். புதுப் பெட்டிக்குக் காசு அனுப்புகிறேன், இரும்பில் செய்விக்கலாம்.

இன்னொன்று. அந்த மாஸ்கோப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று சூபோவ்ஸ்கி புல்வார், 17, மாஸ்கோ என்ற முகவரி போட்டிருக்கும். அன்னை வயலை வாசித்துவிட்டு அந்த முகவரிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். முத்திரைக்குக் காசு கேட்டு வந்தபோது நீங்கள்தான், சோவியத் நாடே 1991 இல் இல்லாமல் போய்விட்டது என்று சொன்னீர்கள். கடிதத்தை நாலாக மடித்து அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். கொப்பித் தாள், நீல மை. கறையான் தின்னாமல் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணா. என்ன எழுதினேன் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அம்மாவின் முழங்கால் எண்ணெய் முடிந்திருக்கும், வருகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி