பட்டியலில் அஞ்சலை அக்கா

விழுப்புரம் மாவட்டம்
4.10.2020

அன்புள்ள சேகர்,

நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மல்லாட்டை இந்த முறை நன்றாகவே காய்த்தது, உனக்கு ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பஸ் ஓட ஆரம்பித்தாயிற்று, இனி நீ சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது எழுதுவது அஞ்சலை அக்காவுக்காக. போன வாரம் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க பாங்குக்குப் போயிருக்கிறார். கணக்கையே முடக்கி வைத்திருக்கிறார்கள். "பி.எம். கிசான்ல பணம் வாங்கியிருக்கீங்க, திருப்பிக் கட்டுங்க" என்றார்களாம். அது நிலம் வைத்திருக்கிற விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகக் கொடுக்கிற உதவித்தொகை. அக்காவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, உனக்கே தெரியும்.

ஜூலையில் ஒருவன் தெருவுக்கு வந்து, "கொரோனா பணம் வருது" என்று ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் போயிருக்கிறான். ஊரடங்கில் வேலையில்லாமல் கிடந்த நேரம், யார்தான் கொடுக்க மாட்டார்கள்? 2,000 ரூபாய் ஏறியது. அதில் 500 அவனுக்கு.

பேப்பரில் பார்த்திருப்பாய்: 13 மாவட்டத்தில் தகுதியில்லாத 5.5 லட்சம் பேர் கணக்கில் 110 கோடி ரூபாய் ஏறியிருக்கிறது. விவசாயிகள் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். சரிபார்த்து ஒப்புதல் தர அலுவலர்களிடம் இருந்த பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போய்விட்டது. அப்புறம் பட்டாவை யார் பார்ப்பது, சிட்டாவை யார் கேட்பது? செப்டம்பரிலேயே 18 தரகர்களைக் கைது செய்தார்கள், சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கிறது. ஆனால் பாங்கு வாசலில் நிற்பது அக்காதானே?

பி.எம். கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் ஊர்வாரியாக இருக்கிறது, யாரும் பார்க்கலாம். நேற்று ராத்திரி போனில் மாவட்டம், வட்டாரம் என்று தட்டித் தட்டி நம் ஊரைப் பிடித்தேன். எல்லாம் ஆங்கில எழுத்து. பெயர், ஆணா பெண்ணா, அவ்வளவுதான். சர்வே எண் இல்லை, எத்தனை ஏக்கர் என்று இல்லை, ஒப்புதல் கொடுத்தது யார் என்றும் இல்லை. களையெடுக்கப் போகிற பெண்கள் பெயர் வரிசையாக வருகிறது. குத்தகைக்கு மூன்று ஏக்கர் உழுகிற முருகேசன் பெயரைக் காணோம். நிலம் தன் பெயரில் இல்லாதவன் இந்தத் திட்டத்தில் விவசாயியே இல்லையே! பெரிய வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. அவர் ஏர் பிடித்து நீயும் நானும் பார்த்திருக்கிறோமா?

சேகர், அரசுப் பணம் யாருக்குப் போனது என்று ஊருக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் அக்கா பெயரை உலகமே பார்க்கலாம், கையெழுத்துப் போட்டவர் பெயரை மட்டும் ஒருவரும் பார்க்க முடியாது என்றால் அது என்ன நியாயம்? இதைத் தமிழில் எழுதி கிராம சபையில் வாசித்திருந்தால், "இவங்களுக்கு ஏது நிலம்?" என்று அங்கேயே கேட்டிருப்பார்கள், பணம் அடுத்த தவணைக்குப் போயிருக்காது. கிராம சபையோ கூடவே இல்லை. அக்டோபர் 2 கூட்டத்தையும் கொரோனாவைச் சொல்லி ரத்து செய்துவிட்டார்கள்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கொடு. விசாரணை நடக்கிறது என்று மறுப்பார்கள் என்பாய். அதனால் ஆள் பெயர் வேண்டாம். நம் ஊர் விண்ணப்பங்களுக்கு எந்தத் தேதியில், எந்தப் பதவியில் இருப்பவர் ஒப்புதல் கொடுத்தார், பட்டா பார்த்தாரா, இவ்வளவு கேட்டால் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் வாங்கி வைத்துவிட்டேன். இந்த வாரமே அனுப்பு, அக்கா தினமும் வந்து கேட்கிறார்.

அன்புடன்,
ராஜா