பல்குச்சியில் வந்த பாலாடை

அன்புள்ள செல்வி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி. பேப்பர் கட்டுகளைத் திருத்தி முடித்தாயா? இங்கே பனி. வாரம் முழுக்க ரசம் சாதம்தான்.

"கணவாயோடு உனக்கு என்னடி வேலை?" என்று என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்தக் கடல் பிராணியோடு இல்லை, அதற்குள் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷரி பாக்டீரியாவோடு. ஹவாய்க் கரையோரம் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. முட்டையை விட்டு வரும்போது அதன் உடலில் இந்த பாக்டீரியா ஒன்றுகூட இருக்காது, கடலிலிருந்துதான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லி கடல்நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள்! அந்தக் கூட்டத்திலிருந்து இவை மட்டும் ஒளியுறுப்பின் வாசல் சளியில் ஒட்டிக்கொண்டு திரண்டு, பிறகு உள்ளே நுழைகின்றன. அப்புறம் இரவில் அவை விடும் ஒளியால், நிலா வெளிச்சத்தில் கணவாயின் நிழல் கீழே தெரிவதில்லை.

திரளுவதற்கு ஒரு சர்க்கரைப் பசை வேண்டும். அதற்கென்று 'சிப்' என்ற 18 ஜீன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் தூங்கிக்கொண்டு. ஆர்எஸ்சிஎஸ் என்ற உணரிப் புரதம் ஒரு பாஸ்பேட்டைச் சமிக்ஞையாகத் தள்ளிவிடும். சிப்-எஃப் என்ற புரதம் அதை வாங்கி சிப்-ஜி என்ற இன்னொரு புரதத்திடம் கொடுக்கும். சிப்-ஜி போய் அந்த ஜீன்களை எழுப்பினால்தான் பசை. பின்கே என்ற புரதம் இதற்கு பிரேக்.

என்னை மயக்கியது ஜப்பான் மீன் கதை. ஜப்பானில் ஒரு மீனுக்குள்ளும் இதே பாக்டீரியா குடியிருக்கிறது. அந்த மீனிடமிருந்து எடுத்த எம்ஜே11 என்ற ரகத்தில் சிப் ஜீன்கள் இருக்கின்றன, ஆர்எஸ்சிஎஸ் ஜீன் மட்டும் இல்லை. ஹவாய்க் கணவாயிடம் அதற்கு இடமில்லை. அந்த ஒரே ஜீனைச் சேர்த்ததும் உள்ளே போய்க் குடியேறிவிட்டது. 2009-இல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. உடனே 'எல்லாம் ஒரே ஜீன்தான்' என்று உன் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. மத்தியதரைக் கடல் கணவாயிலிருந்து எடுத்த எஸ்ஆர்5 ரகத்தில் ஆர்எஸ்சிஎஸ் கிடையாது. அதுவும் ஹவாய்க் கணவாய்க்குள் ஜம்மென்று குடியேறுகிறது! வாசல் ஒன்றுதான், சாவி பல இருக்கும் போல.

இனி என் மானம் போன கதை. பாக்டீரியாவை வளர்க்கும் பிளேட்டில் சாதாரண ரகம் வழவழவென்று பளபளக்கும். போன மாதம் சுருக்கம் சுருக்கமாக ஏதோ வளர்ந்திருந்தது. வேறு கிருமி கலந்துவிட்டது என்று நாலு பிளேட்டைத் தூக்கிப் போட்டேன். ஐந்தாவதைப் போடும் முன்தான் லேபிளைப் பார்த்தேன்: ஆர்எஸ்சிஎஸ் அதிகமாக்கிய ரகம். பசை கூடினதால்தான் அந்தச் சுருக்கம். நானே ஒட்டிய லேபிள்! பல்குச்சியால் ஓரத்தைத் தள்ளிப் பார்த்தேன். சாதாரண ரகம் என்றால் களிம்பு மாதிரி குச்சியில் அப்பும். இது, ஆறின பாலில் ஆடையை ஓரமாக இழுத்தால் மொத்தமாக வருமே, அப்படி மடிந்து கூடவே வந்தது. அந்த ஒன்றை வைத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. பதில் போடு.

அன்புடன்,
மீனா