9.975

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா, படிக்கணும், வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். தம்பி விஷயம் பெரிய கதை, நேரில் சொல்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்: ராத்திரி தூங்குகிறாயா? முந்தாநாள் வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்த நேரம் மூன்றே முக்கால். உளவு பார்க்கவில்லை. நானும் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செமஸ்டர் ரிசல்ட் வந்ததே எனக்குப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். எல்லாவற்றிலும் பத்து, ஒன்றே ஒன்றில் ஒன்பது. அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பெற்ற பெண் மட்டும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. ஒரு ஒன்பதை மறைக்கும் அளவுக்கு நாங்கள் என்ன அவ்வளவு பொல்லாதவர்களா?

பழக்கதோஷம், பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். காலேஜ் நாலு வருஷத்துக்கும் சேர்த்து உனக்கு 160 கிரெடிட், அதாவது பாடங்களின் எடை. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய கிரேடால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தப் பாடம் 4 கிரெடிட். மற்ற எல்லாவற்றிலும் பத்தே வாங்கினாலும் 1,600க்கு 1,596தான். 160ஆல் வகுத்தால் சராசரி 9.975. இனி தலைகீழாக நின்றாலும் முழுப் பத்து வராது. இதை நீ என்னைவிட முன்னாலேயே போட்டுப் பார்த்திருப்பாய். சரி, அதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார். இதேபோல ஐந்து பாடத்தில் ஒன்பது வந்தாலும் 9.875. ஒரு பாடத்துக்கு 0.025, அவ்வளவுதான்.

அந்த 0.025க்குப் பயந்தா வானியல் விருப்பப் பாடத்தை விட்டாய்? அந்த சார் யாருக்கும் பத்து போடமாட்டார் என்று சீனியர்கள் சொன்னார்களாமே. கழுத்து வலிக்க வலிக்க மாடியில் நின்று நட்சத்திரம் பார்த்து, கீழே வரமாட்டேன் என்று அடம்பிடித்த பெண் நீ. இப்போது எந்தப் பாடத்தில் பத்து சுலபமாக விழும் என்று பார்த்து எடுக்கிறாய். கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கிரேடு என்பது பிள்ளையின் மூளையை மட்டுமா காட்டுகிறது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2004இல், உயர்ந்த கிரேடான ஏ மொத்தத்தில் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2014இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பத்து வருஷத்தில் ஏ கை நழுவிப்போன பிள்ளைகள் எல்லாம் மக்குகளா? உங்கள் வகுப்பிலும் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை வைத்துத்தானே கிரேடு போடுகிறார்கள்?

படித்தது மனதில் நன்றாகத் தங்கத் தூக்கம் வேண்டும். மூன்றே முக்காலுக்குப் படிப்பது எங்கே தங்கும்? தூங்கு கண்ணு. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறாள் என்று சலித்துக்கொள்ளாதே.

சித்தப்பாவும் கடைசி செமஸ்டரில் இப்படித்தான் பேச்சைக் குறைத்தார். எல்லோரும் "படிக்கிற பிள்ளை, தொந்தரவு பண்ணாதீர்கள்" என்றோம். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. உனக்குத் தெரியும்.

அங்கே மனசுவிட்டுப் பேச ஒரு கவுன்சிலர் இருப்பதாகச் சேர்ந்த அன்றே சொன்னார்கள். ஒருதடவை போய்ப் பேசிவிட்டு வா. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதற்காக இல்லை, சும்மாதான் போயேன். வானியல் வகுப்பில் ஆடிட் முறையில் உட்கார முடியுமா என்று ஆபீஸில் கேள். பாடம் கேட்கலாம், கிரேடு கணக்கில் ஏறாது.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் அங்கே வருகிறோம். பரீட்சை இருக்கிறது, வராதீர்கள் என்று சொல்லாதே. டிக்கெட் எடுத்தாயிற்று, கேன்சல் பண்ண மாட்டேன்.

அன்புடன்,
அம்மா