இடது பக்க ஊஞ்சலும் சனிக்கிழமைக் கூட்டமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் வார்டின் பகுதி சபைக் கூட்டம் பள்ளி வளாகத்திலேயே நடக்கிறது. பின்தெருப் பூங்காவைச் சீரமைக்கப் போகிறார்களாம். என்ன செய்யலாம் என்று மக்களிடம் கேட்கப் போகிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

கிராமசபை எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் அப்படியொன்று வெகுகாலம் இல்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்றுதான் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. இன்னும் பழகவில்லை என்பதால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. வருகிற நாலு பேர் கேட்பதுதான் ஊரின் விருப்பம் என்று பதிவாகிறது.

சென்ற வாரம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். பார்த்ததை முதலில் எழுதுங்கள், வேண்டியதைக் கடைசியில் எழுதுங்கள் என்றேன். ஒருவன் யானை கேட்டிருக்கிறான், உயிருள்ள யானை. அதை விட்டுவிடுவோம். மற்றவற்றை நான் இரண்டு முறை படித்தேன்.

“நாலு மணிக்குச் சறுக்கில் உட்கார்ந்தால் தொடை சுடும். பையை விரித்து அதன்மேல் சறுக்குவோம்” என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். மேற்கு வெயில் நேராக விழும் தகரச் சறுக்கு அது. பத்தடி தள்ளிப் புங்கமரம் நிற்கிறது. அதன் நிழல் முழுவதும் யாரும் உட்காராத சிமென்ட் பெஞ்சுக்குப் போகிறது. ஊஞ்சல் இரண்டில் இடது பக்க ஊஞ்சலின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். தேய்ந்து பாதியாகிவிட்டது, நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். அடியில் மணல் இல்லை. பிள்ளைகள் காலால் உந்தி உந்திப் பள்ளமாகி, கம்பத்தின் சிமென்ட் அடித்தளம் வெளியே தெரிகிறது. விழும் பிள்ளை அதன்மேல்தான் விழும். சுவரில் வண்ணப் படம், நீரூற்று என்றெல்லாம் கேட்கப் பலர் இருப்பார்கள். முதலில் ஒரு வண்டி மணலும் நாலு கொக்கியும் வரட்டும் என்பேன் நான்.

காலில் காலிப்பர் என்னும் தாங்கு கருவி அணிந்து வரும் நம் மாணவன் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: “நான் வாசலில் நின்று பார்ப்பேன்.” மாடு நுழையாமலிருக்க வாசலில் வளைகம்பி போட்டிருக்கிறார்கள். அது மாட்டோடு சேர்த்து அவனையும் தடுக்கிறது. அந்த வாசல் வழியாக எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. சென்னை சாந்தோமில் மாற்றுத்திறன் பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும் இடம் இருக்கிறது. நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு வாசல் போதும்.

நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் பந்து மேலே படுகிறது என்பார்கள். நியாயம்தான், என் முதுகிலும் ஒருமுறை பட்டிருக்கிறது. அதற்காக “பந்து விளையாடக் கூடாது” என்று பலகை மாட்டிவிட்டால் பிள்ளைகள் தெருவில்தான் விளையாடுவார்கள், லாரிகளுக்கு நடுவே. மாலையில் ஒரு மூலையை அவர்களுக்கென்று ஒதுக்கக் கேளுங்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992-இல் இந்தியாவும் இணைந்தது. அதன் 31-ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது. 12-ஆவது பிரிவு தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளைகளின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. அதனால் ஐந்தாம் வகுப்பிலிருந்து இருவர் கூட்டத்தில் வாசிப்பார்கள். தடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவிட்டேன்.

பேசும்போது “பூங்கா சரியில்லை” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த ஊஞ்சல், எந்தக் கொக்கி என்று சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பூங்காக் காவலர்மேல் மட்டும் பழி போட வேண்டாம். அந்த நைலான் கயிறு அவர் சொந்தக் காசில் வாங்கியது.

சனிக்கிழமை வேலைக்குப் போனால்தான் கூலி என்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். சொல்ல நினைப்பதைப் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதி வியாழனுக்குள் அனுப்புங்கள். எழுத வராது என்றால் பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி நானே வாசிக்கிறேன்.

கொக்கி மாற்றும் வரை இடது பக்க ஊஞ்சலில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்